பாக்கியசீலியின் நாடி

பாக்கியசீலியை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள் காலையில், அவளுடைய தூக்குவாளியை எடுத்துப் போக அம்மா ஞானசெல்வம் உப்பளத்துக்கு வந்து நின்றபோது, வரப்பில் நட்டிருந்த கம்பத்துப் பெட்டியில் சீலியின் பேருக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் அறுபத்தெட்டு என்று எண் நின்றது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பதினாறு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அலறவில்லை. உச்சிக்குள் அந்தப் பாத்தியை முடித்தாக வேண்டியிருந்ததால், லூர்தம்மாள் மட்டும் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மைனி, சீலி வந்திருக்கா போல" என்று சொன்னாள். ஞானசெல்வம் விளக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கப்பழம், செத்துப்போனவளின் அப்பன், தலையைக் குனிந்துகொண்டான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த உப்பளத்துக்குப் பெட்டி வந்தது மாசி மாதம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மதுரவாணி என்ற பெண் கொண்டுவந்து நட்டாள். ஆளுக்கொரு வில்லையை, பழைய ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும், மேல்கையில் ஒட்டிவிட்டு, இதற்குப் பேட்டரி கிடையாது, உங்கள் உடம்புச் சூடுதான் இதற்குச் சாப்பாடு, உங்கள் நாடியை எண்ணி இது பெட்டிக்குச் சொல்லும், ஆனால் கொசு முனகுவதைவிட மெல்லத்தான் சொல்லும், ஒரு பாத்தி தூரத்துக்கு மேல் கேட்காது, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்தால் தோல் வழியாகவே அடுத்த ஆளுக்கும் போகும், என்று பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு விளக்கினாள். நாடி நூற்றுநாற்பதைத் தாண்டினால் பெட்டி சங்கு ஊதும். சங்கு யார் பேருக்கு ஊதுகிறதோ அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கீற்றுப் பந்தலில் இருபது நிமிடம் உட்கார வேண்டும். முதலாளியும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

நல்லது செய்ய வந்த பெட்டியை ஏமாற்ற நம் ஆட்களுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. அளத்தில் ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள், பெண்கள் அதைக் கூடையில் அள்ளிச் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள், ஒரு பாத்தி முடியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. ஒருத்தி பந்தலில் உட்கார்ந்தால் அவளுடைய கூடை மற்றவர்கள் தலைக்குப் போகும், எல்லோரும் இன்னும் கொஞ்சம் நேரம் அந்த வெயிலில் வேகவேண்டும். யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள், அதுதான் உட்கார்ந்தவளைக் கொல்லும். ஆகவே படபடவென்று அடிக்கிற நெஞ்சுக்காரர்கள் தங்கள் வில்லையைக் கழற்றி, ஆற அமர அடிக்கிற நெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தார்கள். ஒருத்தருக்கு அண்ணன், ஒருத்திக்குக் கொழுந்தன். யாருடையது யார் கையில் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை, சட்டையின் கை எல்லாவற்றையும் மறைத்தது.

தங்கப்பழத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, எருமை நெஞ்சு. உச்சி வெயிலில் பலகை இழுத்தாலும் தொண்ணூறைத் தாண்டாது, சும்மா நின்றால் அறுபத்தெட்டு. மகளுக்குச் சங்கு ஊத ஆரம்பித்து நாலாவது நாள், அவள் பந்தலில் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "இந்தா, அதக் கழத்தி எங்கிட்டத் தா. ஒனக்கும் சேத்து நாந் துடிச்சுக்கிடுதேன்" என்று அவன்தான் கேட்டு வாங்கினான். சீலி சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இருந்தது. வீட்டில் சாக்கு தைக்கிற ஞானசெல்வத்துக்குத் தெரியாது. பங்குனிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை சீலி கூடையோடு வரப்பில் சாய்ந்தபோது அவளுடைய வில்லை அப்பன் கையில் இருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போன வேனில், யாரும் பார்க்காதபோது, அதைக் கழற்றி அவள் கையில் ஒட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் அந்தக் கை ஏற்கெனவே சில்லிட்டிருந்தது. வில்லையோடுதான் அவளைப் புதைத்தார்கள்.

அதனால் விளக்கு எரிந்தபோது மற்றவர்கள் கண்டது சீலியை, தங்கப்பழம் கண்டது தன்னுடைய அறுபத்தெட்டை.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. லூர்தம்மாள் ஓடிவந்து ஞானசெல்வத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்து ஞானசெல்வம் தூக்குவாளியோடு ரோட்டுக்குப் போன பிறகும் விளக்கு அணையவில்லை. லூர்தம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தபோது அணைந்தது, திரும்பி வந்தபோது எரிந்தது. கல்லறையில் மகளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த அம்மா கையில் அது ஏறியிருக்கிறது, அம்மாவிடமிருந்து லூர்தம்மாளுக்குத் தாவியிருக்கிறது, தோல் வழியாகப் போகும் என்று அந்தக் கல்லூரிப் பிள்ளை அப்பவே சொல்லிச்சே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் லூர்தம்மாள் ஞானசெல்வத்தின் வீட்டுக்குப் போய், கடன் வாங்கின காப்பித்தூளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் ஞானசெல்வம் யாரையும் தன்னைத் தொடவிடவில்லை. சாமியார் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்ததற்கும் ஒதுங்கிக்கொண்டாள். தினமும் காலையில் அளத்துக்கு வந்து பெட்டி முன்னால் நின்று எண்ணைப் பார்ப்பாள். அறுபத்தெட்டு. மறுநாளும் அறுபத்தெட்டு. பார்க்கப் பார்க்க அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எம்புள்ள கஷ்டப்படல, லூர்து" என்று சொன்னாள். "எவ்ளோ அமைதியா அடிக்குது பாரு. பயந்து, தவிச்சு, ஒண்ணும் இல்ல. தூங்குன மாதிரி போயிருக்கா." அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், சாக்கு தைத்தாள், உயிரோடு இருந்தாள் என்றே சொல்லலாம்.

பதினோராம் நாள் அவளே வந்து, "சீலி வீட்டுல அடஞ்சு கெடக்குற புள்ளையா? நீங்களும் ஆளுக்கொரு நாள் வச்சுக்கிடுங்க. அளத்த விட்டா எங்கயும் போனவ இல்ல அவ, கொஞ்சம் நடமாடட்டும்" என்றாள்.

அப்படித்தான் சீலி ஊர் சுற்ற ஆரம்பித்தாள். அவளை வைத்திருப்பவர்கள் அன்றைக்குக் கெட்ட வார்த்தை பேசுவதில்லை, மீன் குழம்பு வைத்தார்கள், தலை வாரிக்கொண்டார்கள். சுமந்தவர்களுக்கு உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது, தாகம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், அதனால் வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தி அவளைப் புன்னைக்காயலில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய், பந்தியில் பக்கத்து இலையைக் காலியாகவிட்டு உட்கார்ந்தாள். ஒருவன் சினிமாவுக்குக் கூட்டிப்போய், படம் சரியில்லை என்று மறுநாள் பெட்டி முன்னால் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் விடிந்ததும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்தவர் கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். மேஸ்திரி சுடலைக்கண்ணு, ஈயை ஓட்டவும் கையை அசைக்காத மனுஷன், தன் முறை வந்தபோது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு தடவை அவள் தொலைந்தும் போனாள். லூர்தம்மாள் வைத்திருந்த அன்று சந்தைக்குப் பஸ் ஏறினாள், மீதிச் சில்லறை வாங்கும்போது கண்டக்டர் விரல் பட்டுவிட்டது, மறுநாள் பெட்டி முன்னால் அவள் நிற்க விளக்கு இருட்டாகவே இருந்தது. ஞானசெல்வம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், மகளை இரண்டாம் முறை புதைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. சுடலைக்கண்ணு பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், திருச்செந்தூர்ப் பஸ் ஒவ்வொன்றையும் கைகாட்டி நிறுத்தினார், நாலாவது பஸ்ஸில் விளக்கு எரிந்தது. கண்டக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், கோபப்படாமல், பயணிகளையும் பஸ்ஸையும் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஞானசெல்வத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அக்கா, நேத்துலருந்து ஏம் இவ்வளவு தண்ணி குடிக்கேன்னு தெரியாம இருந்தேன். ஒங்க மக ஆறு தடவ திருச்செந்தூர் போயிட்டு வந்துட்டா. கடல் தெரியுற பக்கமாத்தான் நின்னேன்" என்றார்.

எல்லோரிடமும் போனவள் ஒருவனிடம் மட்டும் வரவில்லை. ஞானசெல்வம் அவளை வெளியே விட்ட முதல் வாரமே புருஷன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஒங்ககிட்டயும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள். மறுநாள் அவன் தனியாகப் பெட்டி முன்னால் நின்றான். விளக்கு இல்லை. லூர்தம்மாள் கொடுத்துப் பார்த்தாள், மேஸ்திரி கொடுத்துப் பார்த்தார், கூட்டம் கூடி ஆளாளுக்கு அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், விளக்கு கொடுத்தவரிடமே நின்றது. "அப்பன் மேல என்ன கோவமோ" என்று யாரோ கேலியாகத்தான் சொன்னார்கள், சொன்னவரே பிறகு வாயை மூடிக்கொண்டார். அதற்குப்பின் தங்கப்பழம் மகளை வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று பலகை இழுப்பதோடு சரி. மோர் வாங்கிவந்து கொடுப்பான். அவன் மனசு கிடந்து அரித்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான், பெட்டி முன்னால் நிற்கிற மனைவியின் முகத்தைப் பார்ப்பான், அந்த அறுபத்தெட்டைப் பிடுங்கினால் அவளிடம் வேறென்ன மிச்சம் என்று தோன்றும், பலகையை எடுத்துக்கொள்வான்.

சித்திரை மூன்றாம் வாரத்தில் மதுரவாணி கணினியோடு வந்தாள். கூட முதலாளி வீட்டு மேனேஜரும் வந்தார். எல்லோரையும் பந்தலுக்குப் பக்கத்தில் கூட்டி வைத்து மேனேஜர் பேசினார். "அந்தப் பிள்ளை எறந்தது எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா வெயில்னால இல்ல. சாயுற வரைக்கும் நாடி தொண்ணூறத் தாண்டல. நாங்க சொல்லல, பெட்டியே சொல்லுது. விதி வந்தா யார் என்ன செய்ய முடியும்? அதனால இந்தச் சங்கு, பந்தல், இருவது நிமிசம், இதெல்லாம் இந்த மாசத்தோட எடுத்துருதோம்." மதுரவாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானசெல்வம் தலையை ஆட்டினாள். அன்று சீலி அவளிடம் இருந்தாள், பெட்டியில் விளக்கு அமைதியாக எரிந்தது.

கூட்டம் கலைந்து பாத்திக்கு இறங்கும்போது லூர்தம்மாளின் மருமகள் அமலி, நாலு மாதக் கர்ப்பிணி, தங்கப்பழத்தின் பக்கத்தில் வந்து முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் அவளுடைய வில்லை இருந்தது.

"மாமா, எடுக்குற வரைக்கும் இதையும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க. எனக்கு காலையிலேயே ரெண்டு தடவ ஊதிட்டு. அத்தை பாவம், எங்கூடையையும் அவங்களே சுமக்காங்க. ஒங்க நெஞ்சுதான் அளத்துலயே நல்ல நெஞ்சு."

தங்கப்பழம் அந்த வில்லையைப் பார்த்தான். பலகையைக் கீழே போட்டான். அமலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சேறும் உப்புமாகப் பெட்டிக்கு முன்னால் ஏறிவந்து, மதுரவாணியிடம் அல்ல, மேனேஜரிடம் அல்ல, மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"செல்வம், அது சீலி இல்ல. அந்த அறுவத்தெட்டு நான். அவ வில்லை எங்கையில இருந்துச்சு. ரெண்டு வாரமா எங்கையிலதான் இருந்துச்சு."

ஞானசெல்வத்துக்கு முதலில் புரியவில்லை. மதுரவாணிக்குப் புரிந்தது. அவள் கணினியைத் திறந்து, அப்பன் பேருக்கும் மகள் பேருக்கும் அந்த இரண்டு வாரம் பதிவான நாடிக் கோடுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். இரண்டு கோடு இல்லை, ஒரே கோடுதான் தெரிந்தது. இதை ஒரு தடவை வைத்துப் பார்க்கத் தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாத்தியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டைக் கையைத் தடவிக்கொண்டார்கள்.

தங்கப்பழம் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அன்னைக்கு அவ எங்கிட்ட வந்தா. யப்பா, தலைய சுத்துது, கண்ணு இருட்டுதுன்னா. நான் பெட்டியப் பாத்தேன், செல்வம். அவ பேருக்கு எழுபத்தொண்ணு காட்டிச்சு. ஒனக்கு ஒண்ணுமில்லட்டி, பெட்டியில நல்லாத்தான காட்டுது, இன்னும் நாலு கூடைதான்னு சொன்னேன். அது எந் நெஞ்சுன்னு எனக்கு மறந்து போச்சு. எங்கையில நானே ஒட்டிக்கிட்டு, எனக்கே மறந்து போச்சு. அவ சரிப்பான்னு சொல்லிட்டுப் போனா. மூணாவது கூடையில விழுந்தா."

ஞானசெல்வம் அவனை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அடிக்கத்தான் வந்தாள். வந்தவள் அவனுடைய வலது மேல்கையை, வில்லை இருந்த இடத்தை, நகம் பதியப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். 

பெட்டியில் அறுபத்தெட்டு எழுபத்துநாலாயிற்று. அத்தனை நாளில் ஒரு தடவைகூட அசையாத எண். தொண்ணூறாயிற்று. நூற்றுப்பத்து. ஞானசெல்வம் கையை விட்டு நாலடி, பத்தடி, ஒரு பாத்தி தூரம் பின்னால் போனாள், விளக்கு அணையவில்லை, அது தங்கப்பழத்திடம் வந்துவிட்டிருந்தது. அவனுடைய பேருக்கு நேரே அவனுடைய சொந்த நாடி எண்பத்தொன்றில் ஆற அமர ஓடிக்கொண்டிருக்க, கீழே மகள் பேருக்கு நேரே எண் ஏறியது, நூற்றிருபத்தாறு, நூற்றுமுப்பத்தொன்பது, நூற்றுநாற்பத்திரண்டு. சங்கு ஊதியது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஊதியிருக்க வேண்டிய சங்கு, இருபத்துநாலு நாள் கழித்து, உப்பளம் முழுக்கக் கேட்க ஊதியது.

ஒருவரும் அசையவில்லை. ஞானசெல்வம்தான் முதலில் பேசினாள்.

"நிக்காதீங்க. பந்தலுக்குக் கூட்டிட்டுப் போங்க அவள."

அவன் நடந்தான். காலை மெல்ல எடுத்துவைத்து, தலையில் தளும்பத் தளும்பத் தண்ணீர்க்குடம் சுமப்பவன்போல நடந்து, பந்தலுக்குள் போய் உட்கார்ந்தான். எண் நூற்றெழுபத்துமூன்று வரை போயிற்று. எல்லோருக்கும் இப்போது தெரிந்தது அவள் எப்படிப் போனாள் என்று, தூங்கின மாதிரி இல்லை என்று. லூர்தம்மாள் குடத்துத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள், அமலி முந்தானையால் விசிறினாள், சுடலைக்கண்ணு மோர்ச் செம்பை அவன் வாயில் வைத்தார். அவன் குடித்தான், மகளுக்காகக் குடிக்கிறோம் என்று ஒவ்வொரு மடக்கையும் நிறுத்தி நிறுத்திக் குடித்தான். பாத்தியில் இருந்தவர்கள் கரையேறி வந்து பந்தலைச் சுற்றிச் சூடான மண்ணில் உட்கார்ந்தார்கள். மேனேஜர்கூட உட்கார்ந்தார்.

ஞானசெல்வம் மட்டும் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

ஐந்தாவது நிமிடத்தில் எண் நூற்றைம்பதுக்கு இறங்கியது. ஒன்பதில் நூற்றிருபது. பன்னிரண்டில் நூறு. பதினைந்தில் ஒரு தடவை கொஞ்சம் ஏறி, திரும்ப இறங்கியது. பதினெட்டாவது நிமிடத்தில் எண்பதுக்கு வந்தது. ஓடிவிளையாடிவிட்டு வந்து மடியில் படுத்த பிள்ளைக்கு எப்படி இருக்குமோ அப்படி, சீராக, எந்தக் கஷ்டமும் இல்லாமல், எழுபத்தாறில் நின்றது. அது அவளுடையது. அந்த எண் தங்கப்பழத்துடையது இல்லை.

இருபது நிமிடம் முடிந்ததும், இனி வேலைக்குப் போகலாம் என்பதற்கான குட்டைச் சங்கைப் பெட்டி ஒருமுறை ஊதியது. விளக்கு அணைந்தது. யாரும் வேலைக்கு எழுந்திருக்கவில்லை. மதுரவாணி கம்பத்தைத் தட்டிப் பார்த்தாள், கம்பியை அசைத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

ஞானசெல்வம் பந்தலுக்கு வந்து புருஷன் எதிரில் நின்றாள். அவன் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீலிப்பா, இந்த இருவது நிமிசந்தானா அவளுக்கு வேண்டியிருந்துச்சு?"

"ஆமா செல்வம்" என்றான் அவன்.